பருவம் என்றார் வில்ஃப்

சோபாவுக்கு அடியிலிருந்து வால் மட்டும் வெளியே நீண்டிருந்தது. பெரில் ஆர்மிட்டேஜ் முதலில் அதை எலி என்றுதான் நினைத்தாள். துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள். வால் மெல்லப் பின்னால் நகர்ந்தது. அதைத் தொடர்ந்து பார்கினும், பார்கினின் வாயில் அவள் கணவன் கிளெமின் ஒற்றைக் காலுறையும் வெளியே வந்தன.

வாலில் முடி இல்லை. நுனியில் மட்டும் ஒரு சிறு குஞ்சம் மிச்சமிருந்தது. மற்ற இடமெல்லாம் வெளிர் சிவப்பாக, அழுக்குப் புள்ளிகளோடு, எலி வால்தான்.

"கிளெம், இங்க வந்து பாரு. வாலு மொட்டையாயிருச்சு."

கிளெம் செய்தித்தாளுக்கு மேலே தன் வழுக்கைத் தலையை உயர்த்தினான். "எனக்கு இப்படி ஆனப்ப நீ யாரையும் கூப்பிட்டுக் காட்டலையே."

"உனக்கு வாலுலயா கொட்டுச்சு?"

"யாரு பாத்தா?"

அவள் பார்கினைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வாலுக்குக் கீழே வீங்கியிருந்தது. ஒரு பட்டாணி அளவுக்கு. அதை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

பார்கின் ஒரு ஃபெரட். கீரியின் நீளம், பூனையின் திமிர். நவம்பரில் அந்த ஊர் அடுப்புகளில் வேகும் இஞ்சி கேக்கின் நிறம். பெயரும் அந்தக் கேக்கின் பெயர்தான். அவளைப் பெரில் விலைக்கு வாங்கவில்லை. பெரில் வட இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் பஸ் ஓட்டினாள். ஊரின் அடிவாரத்திலிருந்து மேட்டுக் குடியிருப்புக்கு, அங்கிருந்து திரும்ப அடிவாரத்துக்கு. ஒரு இலையுதிர் மாலை, கடைசி நிறுத்தத்தில் பின் இருக்கையில் ஒரு பூனைக்கூடை இருந்தது. உள்ளே பூப்போட்ட துணியில் தைத்த ஒரு தூளி. தூளிக்குள் ஒரு ஃபெரட், மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு.

டெப்போவில் தொலைந்த பொருள்களுக்குப் பொறுப்பான ஆள் கூடையைத் தொடவே இல்லை. "குடை வாங்கி வெப்பேன். பல்செட்டு வாங்கி வெப்பேன். கடிக்கிறத வாங்க மாட்டேன், கண்ணு."

அந்த ஊரில் ஆண்கள் யாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் ஓட்டுநரை, கசாப்புக்கடைக்காரரை, அபராதம் எழுத வரும் போலீஸ்காரரைக்கூட. அதில் அன்பும் இல்லை, அவமதிப்பும் இல்லை. பேச்சை முடிக்கப் பயன்படும் சொல். பெரில் இதை அறுபது வயதுக்குள் நன்றாகக் கற்றிருந்தாள்.

கூடையைத் தேடி யாரும் வரவில்லை. பார்கின் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

மொட்டை வாலைக் காட்டப் பெரில் போன இடம் வில்ஃப் தார்ப்பின் தோட்டம். ரயில் பாதையை ஒட்டி ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுத்த நிலத்தில் வில்ஃப் வெங்காயத்தாள் போட்டிருந்தார். அதற்குப் பின்னால் வரிசையாக ஃபெரட் கூண்டுகள். ஃபெரட் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். முயல் பிடிக்கப் போகிறவர்கள், சும்மா வளர்ப்பவர்கள், எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். பார்கின் வந்த புதிதில் தூளியைப் பார்த்து, "அடுத்து தாலாட்டும் பாடுவியா, கண்ணு?" என்று கேட்டவர் அவர். பப்பில் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். தூளியைப் பற்றி அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

வில்ஃப் பார்கினைப் பிடரியில் தூக்கினார். வாலைப் பார்க்கவில்லை. வாலுக்குக் கீழே பார்த்தார்.

"பருவத்துக்கு வந்திருக்கா. அவ்வளவுதான்."

"வாலு?"

"பருவத்துல முடி கொட்டும்."

"ரெண்டு வசந்தமா என்கிட்ட இருக்கா, வில்ஃப். ஒரு தடவைகூட இப்படி வரல."

"வந்திருக்கும். நீ பாத்திருக்க மாட்ட."

"தினமும் தூக்கி வெச்சுப் பாக்குறேன். வரல."

"பெட்டைன்னா வரும், கண்ணு. இந்த ஊர்ல எந்தப் பெட்டை வராம இருந்திருக்கு?"

அது உண்மைதான். அந்த ஊரில் பெட்டை ஃபெரட்டுக்குக் கர்ப்பப்பையை எடுப்பவர்கள் இல்லை. குட்டி வேண்டுமென்றால் கடுவனோடு விடுவார்கள். வேண்டாமென்றால் கவுன்சிலரோடு விடுவார்கள். கவுன்சிலர் வில்ஃப் வளர்த்த கடுவன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யப்பட்டது. ஓடியாடி எல்லாம் செய்யும். விளைவு ஒன்றும் இருக்காது. பெயர்க் காரணம் அதுதான். வசந்தம் முழுக்கக் கவுன்சிலர் வீடு வீடாகப் போய்வரும்.

"அப்படியே விட்டா என்ன ஆகும்?"

"பருவத்துக்கு வந்த பெட்டைய அப்படியே விட்டா அது இறங்கவே இறங்காது. ரத்தம் வத்திரும். ஈறு வெள்ளையாப் போயிரும். அப்புறம் ஒருநாள் காலைல எந்திரிக்காது. எங்கிட்டயே ரெண்டு போயிருக்கு." வில்ஃப் பார்கினின் உதட்டை விலக்கி ஈறைக் காட்டினார். "இது இன்னும் சிவப்பா இருக்கு. இப்பவே கவுன்சிலர்கிட்ட விட்டுரலாம்."

இரண்டு வசந்தங்களைப் பற்றி இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தாள் பெரில். பார்கின் வெளுத்துச் செத்துக் கிடப்பது கண்முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

கவுன்சிலருக்குக் கொஞ்சிக் குலாவும் பழக்கம் இல்லை. பிடரியைக் கவ்வி, கூண்டு முழுக்க இழுத்துக்கொண்டு அலையும். பெரில் வெங்காயத்தாள் பாத்தியைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றாள்.

"கத்துறா, வில்ஃப்."

"கத்தணும். கத்தினாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

"எவ்வளவு நேரம்?"

"அவனுக்கு அவசரம் கிடையாது. கவுன்சிலர் இல்லையா?"

வீட்டுக்குத் திரும்பியபோது பார்கினின் பிடரி ஈரமாக, பல் பதிந்து, இரத்தம் உறைந்து இருந்தது. தூளியில் ஏற மறுத்துவிட்டாள். சோபாவுக்கு அடியில், சுவரோடு ஒட்டி, கை எட்டாத மூலையில் படுத்தாள். காலுறை எதையும் திருடவில்லை. அதைக் கிளெம்தான் கவனித்தான்.

"என் சாக்ஸெல்லாம் ஜோடியா இருக்கு," என்றான். சிரிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் வீக்கம் இறங்கும் என்று வில்ஃப் சொல்லியிருந்தார். இறங்கவில்லை. முடி ஏறியது; அதாவது, முடி இல்லாத இடம் ஏறியது. வாலிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து விலாவுக்கு, இரண்டு பக்கமும் ஒன்றுபோல. அளந்து சிரைத்ததுபோல. பார்கின் பின்னங்காலால் தோளைச் சொறிந்துகொண்டே இருந்தாள். கூடையின் விளிம்பில் ஏறும்போது பின்பாகம் வழுக்கி, திரும்பக் கீழே உட்கார்ந்தாள். தூக்கினால் எலும்பு கையில் பட்டது. வயிறு மட்டும் உப்பியிருந்தது.

சங்கத்தார் வாரம் ஒருமுறை பப்பின் பின்னறையில் கூடுவார்கள். பெரில் பார்கினைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"சொறி. கந்தகத்தப் பன்றிக்கொழுப்புல குழைச்சுப் பூசு."

"பழைய இன்ஜின் ஆயில் இருக்கா? தேய்ச்சு வெயில்ல விடு."

"பச்சை முட்டை குடுக்கறியா?"

"குடுக்கறேன்," என்றாள் பெரில்.

"அதான் காரணம்."

"குடுக்கறதா காரணம்? முட்டை குடுக்காததாலதான் எங்க வீட்டுக் கடுவனுக்குக் கொட்டுச்சு."

பிறகு முட்டையைப் பற்றி அவர்களுக்குள் சண்டை வந்தது. பார்கின் பெட்டியின் மூலையில் சுருண்டு கிடந்தாள். வில்ஃப் பீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எல்லாம் பருவம்தான். முதல் தடவை சரியாப் பிடிக்கல," என்றார். சண்டை நின்றது.

பெரில் அவரிடம் சொல்லாமல் பார்கினோடு கால்நடை மருத்துவமனைக்குப் போனாள். அது அவளுடைய பஸ் தடத்திலேயே இருந்தது. காத்திருப்போர் அறை முழுக்க நாய்கள். மருத்துவர் ஹாரியட் சின்னப் பெண், பொறுமையானவள். முடியைக் கொஞ்சம் பிடுங்கி நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்த்தாள். பூச்சி எதுவும் இல்லை.

"கர்ப்பப்பை எடுத்திருக்கா?"

"இல்ல."

"நிச்சயமா?"

பெரிலின் வாயில் வந்தது வில்ஃபின் குரல். "நிச்சயமா. பருவத்துக்கு வந்திருக்கா."

ஹாரியட் தலையசைத்தாள். பருவத்தை இறக்க ஊசி போட்டாள். அது பெரும்பாலும் வேலை செய்யும் என்றாள். செய்யவில்லை. பெரில் போன் செய்தாள். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்கள். திரும்பப் போன் செய்தாள். டாக்டர் விடுப்பில் இருக்கிறார், வந்ததும் பார்க்கலாம் என்றார்கள்.

பார்க்கலாம் என்பது பெரிலுக்குப் பழகிய சொல். முன்பு ஒருமுறை அவளுடைய பஸ்ஸில் பிரேக் கீச்சிட்டது. மெக்கானிக்கிடம் சொன்னாள். மழைக்கு அப்படித்தான் கத்தும், கண்ணு, பார்க்கலாம் என்றான். மழை விட்ட பிறகும் கத்துகிறது என்று சொன்னாள். வெயிலுக்கும் கத்தும் என்றான். சந்தைக்கு இறங்கும் சரிவில் பஸ் நிற்காமல் போய்க் காலிஃபிளவர் கடைக்குள் மூக்கை நுழைத்தது. யாருக்கும் அடியில்லை. விசாரணையில் மேலதிகாரி கேட்டார்: "கீச்சிட்டது என்றால் அழுத்திச் சொல்லியிருக்கலாமே?" அன்று வீட்டுக்கு வந்து அவள் போட்ட சத்தத்தில் கிளெம் தோட்டத்துக்கு ஓடிவிட்டான். அழுத்திச் சொல்வதற்கு அவளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஜூனில் வில்ஃப் சொல்லியனுப்பினார், கவுன்சிலர் சும்மாத்தான் இருக்கிறது, கூட்டிக்கொண்டு வா என்று. பெரில் போகக் கூடாது என்று நினைத்தாள். அன்று காலை பார்கின் தண்ணீர்க் கிண்ணம் வரை நடந்து, குடிக்காமல், அதன் பக்கத்திலேயே படுத்துவிட்டாள். பெரில் ஈறைப் பார்த்தாள். வெளுத்திருக்கிறதா, சிவப்பாக இருக்கிறதா, சொல்ல முடியவில்லை. நாள் முழுக்கப் பார்த்தால் எந்த நிறமும் வெளுப்பாகத்தான் தெரியும்.

போனாள்.

நல்ல வெயில். வில்ஃப் பார்கினை முன்னங்கால்களுக்கு அடியில் பிடித்து, உடம்பு தொங்கும்படி, சூரியனுக்கு நேராகத் தூக்கினார். "எலும்பும் தோலுமா இருக்காளே. சோறு போடுறியா இல்லையா?" கவுன்சிலர் கூண்டுக் கம்பியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

வயிற்றிலும் முடி போய்விட்டிருந்தது. முந்தின வாரம் இருந்த பஞ்சு முடி இப்போது இல்லை. வெறுந்தோலின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. தொப்புளுக்குக் கீழே, நேராக, விரல் நுனி நீளத்துக்கு. கோட்டின் இரு பக்கமும் புள்ளிகள்.

"அது என்ன?"

"எது?"

"வயித்துல."

வில்ஃப் குனிந்து பார்த்தார். "முள்ளு கீறியிருக்கும்."

"முள்ளு கீறிட்டுத் தையலும் போட்டுட்டுப் போச்சா?"

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். பித்தப்பையை எடுத்தபோது போட்டது அவள் வயிற்றிலும் இருந்தது. தினமும் குளிக்கும்போது பார்க்கிறாள்.

"வில்ஃப், இது ஆபரேஷன் பண்ணது."

"ஃபெரட்டுக்குக் காசு செலவு பண்ணி எவன் ஆபரேஷன் பண்ணுவான்?"

"தூளி தெச்சவங்க பண்ணுவாங்க."

வில்ஃப் அவளைத் திருப்பி வாலுக்குக் கீழே பார்த்தார். பார்கின் அவர் கையில் ஈரத்துணிபோலத் தொங்கினாள். பிறகு, "அப்ப அடியில வீங்கியிருக்கே, அது என்ன பொய்யா?" என்றார்.

பெரில் கையை நீட்டினாள். "தெரியாது. அவளை இங்க குடு."

"கொண்டுபோனா செத்துருவா, கண்ணு."

"குடுன்னேன்."

கவுன்சிலர் பின்னால் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் பார்கினைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

மருத்துவமனையில் ஹாரியட் வயிற்றுக் கோட்டின் மேல் விரலை வைத்து ஒருமுறை மேலிருந்து கீழாகத் தடவினாள்.

"எடுக்கலைன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நிச்சயமான்னு கேட்டேன்."

"கேட்டீங்க." பெரிலுக்கு முகம் கொதித்தது. இந்த முறை திட்டுவதற்குத் தன்னைத் தவிர யாரும் இல்லை.

"முடிய வழிச்சு நானே பாத்திருக்கணும்," என்றாள் ஹாரியட். மேசை விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு வயிற்றை ஸ்கேன் செய்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் எதையோ காட்டினாள். "கிட்னிக்குப் பக்கத்துல ரெண்டு சின்னச் சுரப்பி இருக்கும். இடது பக்கத்துது பெருத்துப் போயிருக்கு. கர்ப்பப்பை, சூல்பை எல்லாம் எடுத்தாச்சு. ஆனா மூளை வேலை செய் வேலை செய்னு ஆள் அனுப்பிக்கிட்டே இருக்கு. கேக்க வேற ஆள் இல்ல. அந்த வேலைய இந்தச் சுரப்பி எடுத்துக்கிச்சு. முடி கொட்டுறது, அரிப்பு, அடியில வீக்கம் எல்லாம் அதாலதான்."

"அப்ப பருவம் இல்ல."

"பருவமே இல்ல. பருவம் மாதிரி தெரியும்."

"கடுவன்கிட்ட விட்டோம்."

ஹாரியட் பிடரியில் காய்ந்திருந்த வடுக்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். அது பெரிலுக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது.

தோள்களுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஒரு மருந்துக் குச்சியை ஏற்றினாள் ஹாரியட். அரிசி அளவுதான் இருக்கும். மூளை ஆள் அனுப்புவதை அது நிறுத்தும் என்றாள்.

"குணமாயிருமா?"

"சுரப்பி அங்கேயேதான் இருக்கும். தொந்தரவு பண்றது நிக்கும். சிலதுக்கு ஒரு வருஷம் தாங்கும், சிலதுக்கு ரெண்டு. அப்புறம் திரும்பப் போடணும். முதல்ல ஒரு வாரம் ரெண்டு வாரம் இன்னும் மோசமாத் தெரியும், பயந்துராதீங்க. அதுக்கப்புறம்..."

"பாக்கலாம்," என்றாள் பெரில்.

ஹாரியட்டின் முகம் சிவந்துபோனது. "ஆமா. பாக்கலாம்."

மோசமாகத்தான் தெரிந்தது. ஜூலை தொடக்கத்தில் தலையிலும் கால்களிலும் மட்டும் முடி மிச்சமிருந்தது. நடுவில் உரித்த கோழி. கிளெம் தன் பழைய ஸ்வெட்டரின் ஒரு கையை வெட்டி, கால்களுக்கு ஓட்டை போட்டு மாட்டிவிட்டான். "வீட்டுல இப்ப ரெண்டு பேருக்குக் குளிருது," என்றான். பெரில் வேலைக்குப் போகும் முன் ஈறைப் பார்த்தாள், வந்ததும் பார்த்தாள். பார்கின் கையில் ஊட்டிய கோழியீரலை நக்கினாள், பிறகு கடித்தாள், பிறகு விரலையும் சேர்த்துக் கடித்தாள். பெரில் வலியில் கத்திவிட்டுக் கிளெமைக் கூப்பிட்டாள்: "கடிக்கிறா! வந்து பாரு, கடிக்கிறா!"

வீக்கம் முதலில் வற்றியது. ஆகஸ்டில் இடுப்பில் தூசி படிந்ததுபோல ஒரு நிறம் தெரிந்தது. கைக்குட்டையால் துடைத்தாள். போகவில்லை. அது முடி. ஒரு காலுறை காணாமல் போனது. கிளெம் அதைத் தேடவில்லை.

அக்டோபர் கடைசியில், குளிருக்கு எல்லா ஃபெரட்டுக்கும் முடி அடர்ந்துவிட்ட பிறகு, பெரில் பார்கினைப் பப்பின் பின்னறைக்குக் கொண்டுபோனாள். மேசைமேல் இறக்கிவிட்டாள். வால் பாட்டில் கழுவும் பிரஷ்போல இருந்தது. சங்கத்தார் வாய்பிளந்தார்கள். ஒருவர் கந்தகம் போட்டாயா என்று கேட்டார்.

வில்ஃப் முதுகைத் தடவிப் பார்த்தார். முகத்தில் உண்மையான சந்தோஷம். "பாத்தீங்களா? பருவம் முடிஞ்சுது, முடி வந்துருச்சு. ஏப்ரல்லயே சொன்னேன். இவதான் கேக்கல."

"பருவம் இல்ல, வில்ஃப். சுரப்பி. கர்ப்பப்பை எடுத்த பெட்டை இவ."

"மறுபடி ஆரம்பிச்சிட்டா."

"தழும்பு இருக்கு. நீயே கண்ணால பாத்த."

"முள்ளுக் கீறலப் பாத்தேன்."

பெரில் பார்கினை மல்லாக்கப் புரட்டினாள். பீர்க் கோப்பைகளை ஒதுக்கினார்கள். தலைகள் குனிந்தன. இரண்டு கட்டை விரல்களாலும் வயிற்று முடியை விலக்கினாள். அடியில் இன்னும் முடி. குளிர்காலத்துப் பஞ்சு, வெண்ணெய் நிறத்தில், அடர்ந்து. அதையும் விலக்கினாள். விலக்கிய இடம் விரலை எடுக்குமுன் மூடிக்கொண்டது.

"எங்க, கண்ணு?"

"இரு."

"இன்னும் கொஞ்சம் கீழயா?"

"இருன்னேன்ல!"

எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தாள். கோடு அங்கேதான் இருந்தது, இருந்தாக வேண்டும். பார்கினுக்குப் பொறுமை போய்விட்டது. முறுக்கித் திரும்பி பெரிலின் கட்டை விரலை நன்றாகக் கடித்துவிட்டு, வில்ஃபின் கோட்டுக் கைக்குள் நுழைந்துகொண்டாள். அறை சிரித்தது. வில்ஃப் கையை உயர்த்திக் காட்டினார். கை நுனியிலிருந்து வால் மட்டும் வெளியே தொங்கியது, தடித்த, பழுப்பான வால்.

"இவளுக்கே தெரியுது யாரு சொன்னது சரின்னு," என்றார்.

வீட்டில் கிளெம் கேட்டான். "காட்டினியா?"

"காணோம். முடி மூடிருச்சு."

கிளெம் யோசித்தான். ஆறுதலாகத்தான் சொன்னான்: "அடுத்த தடவை கொட்டும்போது நேரா எடுத்துட்டுப் போய்க் காட்டிரு. வில்ஃப் வாயைத் திறக்க முடியாது."

பெரில் அவனைப் பார்த்தாள். பார்கின் கூடையிலிருந்து தூளிக்குத் தாவி, ஒரே தாவலில் ஏறி, வாலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"கொட்ட வேண்டாம்," என்றாள். "அந்த ஆளே ஜெயிச்சதா இருக்கட்டும்."

கடிபட்ட விரலைக் குழாயில் காட்டினாள். பிறகு டீக்குத் தண்ணீர் பிடித்து, கெட்டிலை அடுப்பில் வைத்தாள், தேவைக்கு மேல் சத்தமாக.